குச்சி ரொட்டியில் குறையில்லை

மன்னிக்க வேண்டும், அம்மா. உங்கள் கரும்புக் கட்டு என் குச்சிக் கட்டின்மேல் சாய்கிறது. சற்றே சன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டால் இரண்டுக்கும் நல்லது. ஆம், அவ்வளவுதான். நன்றி. என் கட்டு ஈரத் துணியில் சுற்றியது. உங்கள் கரும்போ பிசுபிசுவென்று இருக்கிறது. இரண்டும் ஒட்டக் கூடாது.

ஏற்காட்டில் யார் இருக்கிறார்கள்? தம்பி வீடா? பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகிறதே, இன்னுமா கரும்பு? சரி, மீந்தாலும் கரும்பு கரும்புதான். நான் ஊர்வரை வரவில்லை. பதினேழாம் வளைவு தாண்டியதும் காப்பித் தோட்டத்து வாயிலில் இறங்கிவிடுவேன். இந்த மலைப் பாதையில் வளைவுகள் இருபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள். எண் போட்ட பாதையில் போகும்போது எனக்கு ஒரு நிம்மதி.

கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? பார்த்தீர்கள். பார்ப்பதும் கேட்பதும் ஒன்றுதான். அவை வேப்பங்குச்சிகள். நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றும் ஒன்றரை முழ நீளம், சுண்டுவிரல் பருமன். இன்று விடியும்போது என் வீட்டுக் கொல்லை மரத்திலிருந்து நானே வெட்டினேன். நுனியில் ஒரு கொத்து இலையை மட்டும் விட்டிருக்கிறேன். இலை வாடாமல் இருந்தால் குச்சி பச்சையாக இருக்கிறது என்று பொருள்.

பல் துலக்கவா? இல்லை, அம்மா. ரொட்டி சுடுவதற்கு. இனிப்பு ரொட்டி. குழந்தைகளுக்கு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சேலத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியை. பெயர் செங்கமலம். சாரணியர் படைக்கும் நான்தான் தலைவி. தை மாதத்தில் மூன்று நாள் இந்தக் காப்பித் தோட்டத்தில் முகாம். கூடாரம், கொடியேற்றம், முடிச்சுப் பயிற்சி, மாலையில் தீமூட்டம். பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேரும் உடற்பயிற்சி ஆசிரியை ஜெசிந்தாவோடு காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். குச்சிக் கட்டை வேனில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள்தாம் கெஞ்சினார்கள்: "மிஸ், நீங்க ஏன் செமக்குறீங்க, வேன் மேல போட்டுக் கட்டிடலாம்." மேலே கட்டினால் விழுந்துவிடாதா என்றேன். "லூசாக் கட்டுனா ஒண்ணும் ஆகாது மிஸ்" என்று ஆறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அன்பு இருக்கிறது, அறிவு இன்னும் வரவில்லை. நான் பேருந்திலேயே வந்துவிட்டேன்.

இதோ, முதல் வளைவு. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சொல்லத் தொடங்கிவிட்டதால் முறைப்படி சொல்லிவிடுகிறேன். நடுவில் ஏதும் கேட்க வேண்டாம். கேட்டால் வரிசை குலைந்துவிடும்.

முப்பத்தொரு ஆண்டுகளாக நான் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பரிமாறிவருகிறேன். சுண்டல், பொங்கல், விளையாட்டு விழாவில் எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் அளவாகப் பரிமாறுவேன். பிள்ளைகளும் அளவாக வாங்கிக்கொண்டு போவார்கள். ஜெசிந்தா வந்து மூன்றே ஆண்டுகள். முகாமில் அவள் ஒரு பெரிய பானையில் நூடுல்ஸ் போடுவாள். அம்மா, அது ஓர் உணவா? முதலும் இல்லை, முடிவும் இல்லை. எங்கே தொடங்குகிறது என்று தட்டில் தேட வேண்டும். ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? தட்டை நீட்டிக்கொண்டு, "ஜெசி மிஸ், இன்னொன்னு! ஜெசி மிஸ், எனக்கு இன்னொன்னு!" என்று அவளை மொய்க்கிறார்கள். ஒருத்தி அவள் முந்தானையைக்கூடப் பிடித்து இழுக்கிறாள்.

சென்ற முகாம்வரை என்னிடம் ஒரு பிள்ளையும் "இன்னொன்று" என்று கேட்டதில்லை.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஒரு செய்தியாகச் சொல்கிறேன்.

ஆகையால் சென்ற ஆண்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சாரணியர் தீயில் சுட வேண்டியது குச்சி ரொட்டி. எல்லா நாட்டுச் சாரணரும் சுடுகிறார்கள். மாவைக் கயிறு போல நீட்டிக் குச்சியில் சுற்றித் தணலில் காட்டுவது. குழந்தைக்கு அதைவிட மகிழ்ச்சி உண்டா? கையில் குச்சி, எதிரில் நெருப்பு, முடிவில் இனிப்பு. கோதுமை மாவும் மைதாவும் சரிபாதி. வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்து, அந்தப் பாகில் பிசைய வேண்டும். ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு, உப்பு, உருக்கிய நெய், கொஞ்சம் பேக்கிங் பவுடர். ஈரத் துணியால் மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு எலுமிச்சை அளவு உருட்டி, நீட்டி, குச்சியின் அடிப்பக்கத்தில் சுற்ற வேண்டும். இலைப்பக்கம் கைப்பிடி. சுவாலையில் காட்டக் கூடாது. தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, நூறு எண்ணும்வரை ஒரு பக்கம், நூறு எண்ணும்வரை மறுபக்கம். பொன்னிறமானதும் குச்சியை உருவினால் ரொட்டி குழல் போல வரும். அந்தக் குழலுக்குள் நெய்யும் நாட்டுச் சர்க்கரையும். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். இருட்டில் பொன்னிறம் தெரியாது.

வாயில் நீர் ஊறுகிறதா? ஊற வேண்டும். சொன்னாலே ஊறும்.

குச்சியா? குச்சிக்கென்ன? மலையில் கண்ட குச்சியை ஒடித்துப் பிள்ளைகள் வாயில் வைக்க முடியுமா? எது விஷம், எது அரிப்பு என்று யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்த குச்சி வேப்பங்குச்சி. கிருமி அண்டாது. நேராக வளரும், கணுவில்லை. பிள்ளைகளுக்குப் பூச்சித் தொல்லையும் தீரும். பட்டையை உரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். குணம் முழுவதும் பட்டையில்தான் இருக்கிறது என்பதால் உரிக்கவில்லை. உரிக்கவில்லை என்பது மட்டுமன்று, மாவு நழுவாமல் பற்றிக்கொள்வதற்காகப் பட்டையில் கத்தியால் குறுக்குக் கீறலும் போட்டேன். பச்சைச் சாறு கசிந்தது. அத்தனை பச்சை!

இருமுகிறீர்களே, தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா? சரி.

சென்ற ஆண்டு முகாமின் முதல் நாள், மாலை ஐந்து மணிக்குத் தீ மூட்டினோம். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, ஒரே நேரத்தில் நூறு எண்ணி, ஒரே நேரத்தில் திருப்பினார்கள். அம்மா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெசிந்தாவே, "அக்கா, டிரில் மாதிரியே இருக்கு" என்றாள். குழல் குழலாக உருவினோம், நெய் ஊற்றினோம், சர்க்கரை தூவினோம், கடித்தோம். அதாவது, அவர்கள் கடித்தார்கள்.

கடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மருந்து மாதிரி இருக்கு மிஸ்" என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் கிள்ளிவிட்டு, "நல்ல மருந்து மாதிரி மிஸ்" என்று திருத்தினாள். மூன்றாவது ஒருத்தி எழுந்து நின்று, "மிஸ், இது திங்குறதுக்கா, பல்லு வெளக்குறதுக்கா?" என்றாள். ஒரே குச்சியில் இரண்டு பயன் என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

நான் சுவைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்கள். எனக்குச் சர்க்கரை நோய், அம்மா. பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பை நாவில் வைத்ததில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பிடி வேப்பங்கொழுந்து மெல்வேன். அது எனக்குக் கல்கண்டு போலப் பழகிவிட்டது. ரொட்டியில் வெல்லம் இருக்கிறதே, நான் எப்படிச் சுவைப்பேன்?

ஐந்தாம் வளைவு. கரும்பு மறுபடியும் சாய்கிறது, பாருங்கள்.

அன்று என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் தலையைக் குனிந்து ரொட்டியைச் சாம்பலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சூடாக்குகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது ஆறாம் வகுப்பு ஹேமதர்ஷினி எழுந்து வந்தாள். ஒல்லிப் பிள்ளை. சத்துணவில் ஒரு கரண்டிச் சோற்றுக்கே முகத்தைச் சுளிப்பவள். ரொட்டியைக் குச்சியோடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். தனிமையில், கவனம் சிதறாமல் உண்பதற்காக இருக்கலாம். இரண்டே நிமிடம். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். குச்சியும் இல்லை, இலையும் இல்லை.

"குச்சி எங்கே?" என்றேன்.

"அதுவும் தீந்துருச்சு மிஸ்" என்றாள். பிறகு என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்தாள். மறுபடியும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மிஸ், இன்னொன்னு தருவீங்களா?"

புகை, அம்மா. சில்வர் ஓக் விறகு, ஒரேயடியாகப் புகைந்தது. கண்ணில் நீர் வராமல் என்ன செய்யும்?

அன்று அவள் நான்கு ரொட்டி உண்டாள். நான்கையும் கொட்டகைக்குப் பின்னால் போய்த்தான் உண்டாள்.

இருந்தாலும் ஒரு பிள்ளை உண்பதை வைத்து நாற்பத்தேழு பிள்ளைகளை மறந்துவிட முடியுமா? குறை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும். முதலில் வெல்லத்தைச் சந்தேகித்தேன். பாகு முறுகினால் கசப்புத் தட்டும். இரண்டாம் நாள் காலையில் வெல்லத்தை நீக்கிவிட்டு வெள்ளைச் சர்க்கரை போட்டேன். "இப்போது எப்படி?" என்றேன். "நேத்து மாதிரியேதான் மிஸ், ஆனா வெள்ளையா இருக்கு" என்றார்கள். ஆகவே வெல்லம் குற்றமற்றது. மாலையில் பேக்கிங் பவுடரை நிறுத்தினேன். ரொட்டி கல்லாயிற்று, சுவை மாறவில்லை. ஆகவே பேக்கிங் பவுடரும் குற்றமற்றது. மூன்றாம் நாள் விறகை மாற்றினேன். சில்வர் ஓக்கை விட்டுக் காப்பிக் கட்டை. பிறகு சுக்கு. பிறகு ஏலக்காய். பிறகு நெய். பிறகு தண்ணீரைக்கூட மாற்றினேன். குழாய்த் தண்ணீருக்குப் பதில் ஊற்றுத் தண்ணீர். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் நின்றது. அதுதான் குச்சி. மூன்று நாளும் ஒரே மரம், ஒரே நீளம், ஒரே பருமன். மாறாமல் நின்ற ஒன்றில் எப்படிக் குறை இருக்க முடியும்? ஆகவே குச்சியை விசாரணையிலிருந்து விடுவித்தேன்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். சற்றுப் பொறுங்கள், வரிசை குலையும் என்றேனே.

ஜெசிந்தாவும் இப்படித்தான். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அந்தக் குச்சி..." என்று இழுத்தாள். "குச்சியை நானே தேர்ந்தெடுத்தேன்" என்றேன். "அதான்க்கா, அந்தக் குச்சிதான்..." என்றாள். "நன்றி" என்றேன். பிறர் செய்த வேலையைப் பாராட்டுவதில் அவளுக்கு எப்போதுமே ஒரு தயக்கம். எழுந்து போய் நூடுல்ஸ் பானையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளைகளின் ஒழுக்கத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஹேமதர்ஷினிக்கு ரொட்டி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும், மற்றவர்கள் தங்கள் பங்கையெல்லாம் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வரிசையில் நின்று கொடுத்தார்கள், அம்மா! "ஹேமா, என்னுதையும் எடுத்துக்கடி." "ஹேமா, எனக்கு வேணாம், நீயே வெச்சுக்க." "அடியே, என்னுதை மறந்துடாதே, நல்லா இருப்பே." பிறருக்குக் கொடுத்து உண்பதுதானே சாரணியத்தின் முதல் பாடம்? மூன்றாம் நாள் மாலை மட்டும் அந்தச் சின்ன உடம்பு முப்பத்தாறு ரொட்டி உண்டது. வயிறு வலிக்கவில்லையா என்று கேட்டேன். "இல்ல மிஸ், நல்லா அசை போட்டுட்டுப் படுத்திருக்கு" என்றாள். வயிற்றைத்தான் அப்படிச் சொல்கிறாள். அந்த வயதுப் பிள்ளைகள் பேசுவதற்கு ஒழுங்கேது.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேருந்து குலுங்குகிறதா? ஆம், பத்தாம் வளைவு குலுக்கத்தான் செய்யும்.

இப்போது நாற்பத்தொன்பதாவது குச்சிக்கு வருகிறேன். பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேர்தாமே, ஒன்று கூடுதலாக எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பரவாயில்லை.

அந்தத் தோட்டத்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அலமேலு. முகாம் முடிந்து மறுநாள் காலையில் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "டீச்சரம்மா, உங்க ரொட்டின்னா எங்க பாண்டிக்கு உசுருங்க. மூணு நாளா வேற எதையும் தொடல. தெனமும் கொட்டாய்க்குப் பின்னால வந்து நின்னுக்குவான், எப்படா பாப்பா கொண்டு வரும்னு."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஹேமதர்ஷினி தான் உண்டது போக அந்த ஏழைச் சிறுவனுக்கும் கொடுத்திருக்கிறாள்! அவனைக் கூப்பிடு, பார்க்கிறேன் என்றேன். "மேட்டுப் பக்கம் போயிட்டானுங்க, பொழுது சாஞ்சாத்தான் வருவான்" என்றாள். பள்ளிக்கூடம் போகாமல் மேட்டில் என்ன வேலை என்று கேட்டேன். அதற்கு அவள், "பள்ளிக்கூடமா! அவனா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வறுமை மனிதர்களை அந்த அளவுக்கு மரத்துப்போகச் செய்துவிட்டது. அடிக்கிறாயா என்று கேட்டேன். "பயிரு பக்கம் போனா ஒண்ணு போடுவேனுங்க" என்றாள். எங்கே தூங்குகிறான் என்றேன். "திண்டுக்குப் பக்கத்துல கட்டிப் போட்டுருவேனுங்க, இல்லாட்டி ஓடிருவான்" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்! அன்று இரவு நான் உறங்கவில்லை. குழந்தைகள் நலத்துறைக்கு ஒரு மனு எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாம் மனுவும் எழுதியிருக்கிறேன், பையில் இருக்கிறது.

நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. உங்களுக்கும் பிள்ளைகள் உண்டா? ஆடுகள்தாம் இருக்கின்றனவா? எத்தனை? பதினாறா? நல்லது. ஆடுகளோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. முகாமில்கூட ஒரு வெள்ளாடு, தாடி வைத்த கிழட்டு ஆடு, மூன்று நாளும் என் பின்னாலேயே வந்தது. என் குச்சிக் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும். நான் கொடி வணக்கம் செய்யும்போது எதிரில் நின்று வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி. ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் என் மதிப்புக் கூடிவிட்டது. பிள்ளைகள் எனக்கு ஒரு சிறப்புப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தாழ்வாரத்தில் நடந்து போனால், "வேப்பிலை மிஸ் வருது, வேப்பிலை மிஸ் வருது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அம்மனுக்கு உரியது அல்லவா வேப்பிலை? அதைக் கொண்டு ஓர் ஆசிரியையை அழைப்பது சாதாரண மரியாதையா?

ஆனால் தலைமை ஆசிரியைக்கு யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். சென்ற மாதம் என்னை அழைத்தார். "செங்கமலம், பிள்ளைங்க இந்த வருஷமும் ரொட்டி சாப்பிடலைன்னா, தீமூட்டத்துக்கு நூடுல்ஸே போதும்னு எழுதி வெச்சிடுவேன். உங்களுக்கும் இது கடைசி முகாம். சந்தோஷமா உக்காந்து வேடிக்கை பாருங்களேன், எதுக்கு இந்த வேலை?" என்றார்.

வேடிக்கை பார்ப்பதாம்! சித்திரையில் நான் ஓய்வு பெறுகிறேன், அம்மா. முப்பத்தொரு ஆண்டுகள். ஜெசிந்தாவை மொய்ப்பது போல என்னையும் மொய்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முந்தானையை இழுக்க வேண்டாம். எனக்குச் சேலை கசங்கினால் பிடிக்காது. நாற்பத்தெட்டுப் பேரில் ஓர் ஏழெட்டுப் பேர், தட்டை நீட்டி, "இன்னொன்று, மிஸ்" என்று ஒரு தடவை கேட்டால் போதும். "இன்னொன்னு" என்று கேட்டாலும் திருத்த மாட்டேன்.

பதினான்கு. பலகையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? எண்ணை மறைக்கிறது.

இந்த ஆண்டு எல்லாவற்றையும் செம்மைப்படுத்தியிருக்கிறேன். வெல்லம் இரண்டு மடங்கு. ஏலக்காய் மூன்று மடங்கு. குச்சியை இன்னும் பச்சையாக வெட்டியிருக்கிறேன். கீறல்களை இன்னும் ஆழமாகப் போட்டிருக்கிறேன். நாற்பத்தொன்பதாவது குச்சி பாண்டிக்கு. பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன், பாருங்கள். அவனுக்கு ஒரு சிலேட்டுப் பலகையும், முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும், நான்கு நோட்டுகளும் வாங்கி வந்திருக்கிறேன். சென்ற வாரம் ஹேமதர்ஷினி என்னிடம் வந்து, "மிஸ், இந்த வருஷமும் ரொட்டி நிறையச் செய்யுங்க, பாண்டி காத்துக்கிட்டிருப்பான்" என்றாள். பாண்டிக்குப் புத்தகம் பிடிக்குமா என்று கேட்டேன். "ரொம்பப் பிடிக்கும் மிஸ், போன தடவ என் மேப்பையே விடல" என்றாள். புவியியலில் ஆர்வம் இருக்கிறது போலும். கைதூக்கிவிட்டால் மேலே வந்துவிடுவான்.

என்ன? உங்கள் கரும்பில் ஒன்றைப் பாண்டிக்குக் கொடுக்கிறீர்களா? தங்கமான மனம், அம்மா. ஆனால் நுனியில் இருக்கும் இலையை, அந்தச் சோகையை, வெட்டிவிட்டுக் கொடுங்கள். வேண்டாமா? சோகையோடு கொடுத்தால்தான் அவனுக்குப் பிடிக்குமா? ஒரு சிறுவன் சோகையை எதற்குத் தின்பான்? நீங்கள் சிரித்துக்கொண்டே பேசுவதால் எனக்குப் பாதிதான் புரிகிறது.

மாவைக் கரும்பில் சுற்றலாமே என்கிறீர்களா? சீவி, நாலாகப் பிளந்து, அதன்மேல் சுற்றிச் சுட்டால் சாறு இறங்குமா? ரொட்டி தீர்ந்ததும் குச்சியையும் கடித்துச் சாப்பிடலாமா? அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இது அனுபவம் வேண்டிய துறை. கரும்பில் கணு இருக்கிறது. கணு உள்ள இடத்தில் மாவு ஒழுங்காகச் சுற்றாது. சாறு இறங்கினால் கையெல்லாம் ஒட்டும். எறும்பு வரும். மேலும், ஒரு குச்சி என்றால் அது குச்சியாக இருக்க வேண்டும். உண்ணக் கூடியது எப்படிக் குச்சியாகும்?

பதினேழு. அடுத்தது என்னுடையதுதான். நடத்துநர் ஐயா, காப்பித் தோட்டத்து வாயிலில் நிறுத்துங்கள்.

அதோ, பாருங்கள்! பிள்ளைகள் எல்லோரும் வாயிலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நிற்பவள்தான் ஹேமதர்ஷினி. பாண்டியைத்தான் காணோம். அந்தக் கிழட்டு வெள்ளாடு மட்டும் அவள் பக்கத்தில் நிற்கிறது. இன்னும் உயிரோடு இருக்கிறது! கொழுத்தும் இருக்கிறது.

அம்மா, ஓர் உதவி. பையோடும் கட்டோடும் படியில் இறங்க முடியாது. கட்டைச் சன்னல் வழியாக நீட்டிவிடுங்கள், அந்தப் பிள்ளை வாங்கிக்கொள்வாள். ஹேமதர்ஷினி! இரண்டு கையாலும் பிடி! இலைப்பக்கம் மேலே இருக்கட்டும்!

ஐயோ.

ஆட்டைப் பிடியுங்கள்! ஆட்டைப் பிடியுங்கள்! ஜெசிந்தா! துணியைக் கிழிக்கிறது! கட்டோடு இழுக்கிறது, அம்மா, கட்டோடு! அத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருத்தியாவது அசைகிறாளா? கை தட்டுகிறார்கள்! பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டுகிறார்கள், பாவம். ஹேமதர்ஷினி மட்டும்தான் கத்துகிறாள்: "பாண்டி! டேய் பாண்டி! விடுடா!" கெட்டிக்காரப் பிள்ளை. ஆட்டைப் பிடிக்க அந்தப் பையனைக் கூப்பிடுகிறாள். அவன் எங்கே? வேண்டிய நேரத்தில் மேட்டுப் பக்கம் போய்விடுவான். போயிற்று. காப்பிச் செடிகளுக்குள் இறங்கிவிட்டது. நாற்பத்தொன்பதும் போயிற்று.

"டீச்சர், எறங்குறீங்களா இல்ல ஏற்காடு வர்றீங்களா? பின்னாடி லாரி நிக்குது." இறங்குகிறேன் ஐயா, இறங்குகிறேன். ஒரு நிமிடம்.

மாவு பிசைந்து மூடி வைக்கச் சொல்லிவிட்டேன், அம்மா. ஐந்து மணிக்குத் தீ. இனி சேலம் போய் வெட்டிக்கொண்டு வர முடியாது. இந்த மலையில் எந்தக் குச்சியை நம்புவேன்? நூடுல்ஸ்தான். ஜெசிந்தா இப்போதே பானையை எடுத்து வைத்திருப்பாள். கடைசி முகாம்.

...உங்கள் கரும்புக் கட்டில் எத்தனை இருக்கின்றன?

ஏழா? ஒரு கழியில் நான்கு துண்டு, ஒவ்வொரு துண்டையும் நாலாகப் பிளந்தால் பதினாறு; மூன்று கழி போதும். ஒன்று கூடுதலாக இருக்கட்டும், பாண்டிக்கு. ஆம், சோகையோடுதான், உங்கள் விருப்பம். தம்பி வீட்டில் கோபித்துக்கொள்ள மாட்டார்களே? நன்றி. மிக்க நன்றி. ஹேமதர்ஷினி, இதை வாங்கிக்கொள். ஏன் இப்படிக் குதிக்கிறீர்கள்? வரிசை, வரிசை! தீயில் சுடுவதற்கு முன்னால் ஒருத்தியும் கடிக்கக் கூடாது! முந்தானையை யார் இழுப்பது?

வருகிறேன், அம்மா. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்த ஆண்டு ரொட்டி நன்றாக வராவிட்டால், அதற்கு முழுக் காரணம் குச்சிதான்.